பியூலா முகத்தில் எண்ணெய்

பியூலா கண்ணு,

டாக்டர் நேற்று எழுதிக் கொடுத்த பெரிய மாத்திரையை இன்று ஆரம்பிக்காதே. ஆபீஸில் பர்மிஷன் கேட்டு, பத்து மணிக்குக் கிளினிக் போய் அவரிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போன் செய்கிறேன். அதுவரை பொறு.

"ஜெல் போட்டும் பரு ஆறலையே, முகத்துல எண்ணெய் தடவுறியாம்மா? மறைக்காம சொல்லு" என்று அவர் கேட்டார். இல்லை என்றாய். சிவாஜிநகர் பஸ்ஸில் வரும்போது நானும், "டாக்டர்கிட்ட பொய் சொல்லலாமா கண்ணு?" என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாய். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

மூன்று மாதமாக, வேலைக்குக் கிளம்பும் முன், தூங்கும் உன் நெற்றியிலும் கன்னத்திலும் சர்ச்சில் கொடுத்த ஜெப எண்ணெய் தடவி வருகிறேன். பரு ஆறட்டும் என்றுதான். அதை நான் எண்ணெயாக நினைத்ததே இல்லை, ஜெபமாகத்தான் நினைத்தேன். இன்று விரலைத் தோய்த்தபோதுதான் தேங்காய் வாசனை தெரிந்தது. விரலைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ ஒழுங்காக ஜெல் போட்டாய். உண்மையைத்தான் சொன்னாய். டாக்டரிடமும் அப்படியே சொல்வேன்.

ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது, சாப்பிடு. கேஸ்காரர் வந்தால் மோர் கொடு. மூன்று மாடி ஏறி வருகிறார்.

அப்பா

தலையணை உறையை மாற்றிவிடு, அதிலும் எண்ணெய் இறங்கியிருக்கும்.

ஜெபத்தை விட மாட்டேன் கண்ணு. இனி உன் அறைக்கு வெளியே நின்று செய்கிறேன். நீ உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.