அக்கா சொன்ன வரி

மார்ச் 3

கதை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை. பத்திரிகையில் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்க்கும் கலிண்டே சார் சிவப்பு மையில் தாளித்திருக்கிறார். "உன் ஆளுங்க சர்ச் அறிவிப்பு மாதிரி பேசுறாங்க. லிம்பே சந்தையில எவன் இப்படிப் பேசுறான்? ஆளுக்கு ஒரு வரி. பேச்சை மேற்கோள் குறிக்குள்ள போடு. கர்ஜித்தான், விம்மினாள் எல்லாம் வேணாம். சொன்னான் போதும்." மனுஷன் சொல்வது சரிதான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 8

சியோனே அக்கா வந்தாள். இடது கை வீங்கியிருந்தது. உசிப்பா மீனை ஒற்றைக் கையால் கழுவிக்கொண்டே சொன்னாள். சந்தைக்குப் போனால் என்ன தப்பு என்று கேட்டாளாம். வைசன் அத்தான் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டு, "நாற்காலிக்கு எதுக்குடி வாய்?" என்றாராம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி," என்றாள்.

தலையாட்டினேன். அவள் போனதும் அந்த வரியைக் குறித்து வைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் என்ன ஒரு வரி!

மார்ச் 21

கதை பத்திரிகையில் வந்துவிட்டது! பெயர், ஊர், தொழில் எல்லாம் மாற்றியிருந்தேன். புருஷன் இப்போது மங்கோச்சி மீனவன். பேச்சில் மட்டும் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. கலிண்டே சார் போன் பண்ணினார். "இப்பதான் உன் ஆளுக்கு உயிர் வந்திருக்கு."

மார்ச் 24

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 29

பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். நம் பக்கம், கல்யாணத்துக்குப் பொறுப்பு நின்ற பிஸ்விக் மாமா. அவர்கள் பக்கம் ஒரு பெரியவர். நடுவில் பாயில் அக்கா. கை வீக்கம் வற்றிவிட்டது, காட்ட ஒன்றுமில்லை. அத்தானாம் அத்தான் – பத்திரிகையை விரித்துப் போட்டார்.

"வீட்டுப் பேச்சை ஊருக்கே விக்கிற பொம்பளைய வச்சு நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

மாமா அந்த வரியின் மேற்கோள் குறிகள் மேல் விரலை வைத்தார். "இதுக்குள்ள இருக்கறது உன் அக்கா சொன்னதா?"

அவளைக் காப்பாற்றணும். அது ஒன்றுதான் மண்டையில்.

"இல்ல மாமா. கதை. எல்லாம் நானா கட்டினது."

"அப்ப அவன் கைய நசுக்கினதும்?"

"கட்டினதுதான்."

அக்கா என்னையே பார்த்தாள். நான் வருவதற்கு முன்பே, முதல் தடவையாக வாயைத் திறந்து, மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

"தங்கச்சி கதையப் படிச்சிட்டு அக்காளும் கதை விடுறா," என்றார் வைசன். பெரியவர்கள் சிரித்தார்கள். அவளை அவரோடேயே அனுப்பி வைத்தார்கள்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்?

ஏப்ரல் 2

கலிண்டே சார் அடுத்த கதை கேட்கிறார். ஒரு வரி ஓடவில்லை.

ஏப்ரல் 11

பெரியாஸ்பத்திரி. அக்காவுக்குத் தாடையெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் பேச முடியாது. நாற்காலிக்கு எதுக்கு வாய்.

போலீஸ்காரர் வந்தார். "குழாயடியில வழுக்கி விழுந்தாள்னு புருஷன் சொல்றாரு. முன்னாடி அடிச்சதா உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

பத்திரிகையை நீட்டினேன். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார்.

"இது கதைதானேம்மா," என்று மடித்துக் கொடுத்துவிட்டார். "உங்க மாமாவும் அப்படித்தான் சொன்னாரு."

ஏப்ரல் 13

அக்கா கையை அசைத்துப் பென்சில் கேட்டாள். கையில் இருந்தது இந்த நோட்டுதான், கொடுத்தேன். எழுதுவாள் என்று பார்த்தால் பக்கத்தைப் பின்னால் புரட்டி, மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து படித்தாள். "என்ன ஒரு வரி" என்று நான் எழுதியிருந்த இடத்தில் ரொம்ப நேரம் இருந்தாள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு.

இது அவள் எழுத்து:

நான் சொன்னேன்னு சொல்லு.

மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். போகிறேன்.