உன் பங்கு இரண்டு முட்டை

அக்கா,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை.

இன்று என் மகனுக்கு ஒரு மாதம் நிறைந்தது. ஈப்போவிலிருந்து காலையிலேயே போன் செய்தாய். வாழ்த்தத்தான் என்று நினைத்தேன். "இப்ப முட்டை கிட்டை குடுத்துத் தொலைக்காதடி. பேரும் வைக்காத. மொதல்ல பிள்ளை வீட்டுக்கு வரட்டும், பாத்துக்கலாம்" என்றாய்.

எதைப் பார்த்துக்கொள்வாய்? உன் மூன்று பிள்ளைகளுக்கும் மாதம் நிறைந்தபோது நம் சீன வழக்கப்படி தெரு முழுக்கச் சிவப்பு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அன்று யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை.

போனை வைத்ததும் நாற்பது முட்டை வேகவைத்துச் சாயம் போட்டேன். ஆஸ்பத்திரியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் சிவப்பு போகவில்லை. நர்ஸ் நோர்லேலா சிரித்தாள். "சாயந்தானே அக்கா, ஒண்ணும் செய்யாது. கையை உள்ள விடுங்க. ஆமா, எங்களுக்கு முட்டை எங்க?"

அவனை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டேன். குறைமாதத்தில் எழுநூறு கிராமில் பிறந்தவன் அந்தச் சிவப்பு விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

நீ முதல் நாளிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்டு, பெட்டியில் ஒட்டிய அட்டையில் இத்தனை நாளும் 'ஆண் குழந்தை' என்றே விட்டிருந்தேன். இன்று வெங் சூன் என்று அவன் பேரை எழுதச் சொன்னேன்.

அவன் வாழ்ந்த முப்பது நாளுக்குத்தான் இந்த முட்டை. இனி என்ன ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்?

அங்கிருந்து இங்கே பினாங்குக்கு பஸ் ஓடுகிறது. உன் பங்கு இரண்டு முட்டை நோர்லேலாவிடம் இருக்கிறது. வந்து, அவன் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
ஒரு மாதமாக அம்மாவாக இருப்பவள்