நம் விண்மீனுக்குத் துடிப்பு உண்டா

திங்கட்கிழமை காலை நம் அறையில் குக்கர் விசில் அடித்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்குப் பிரிவு அம்மாள் வாசலில் வந்து நின்று, இங்கே சமையல்கூட உண்டா என்று கன்னடத்தில் கேட்டார். விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கியிலிருந்து தரவு வந்தால் கணினி சத்தம் போடட்டும் என்று, உன் வீட்டுக் குக்கர் விசிலை நீதான் பதிவு செய்து அதில் ஏற்றி வைத்தாய். "மணி அடிச்சா யாரு எந்திரிப்பா? விசிலடிச்சாத்தான் நமக்குக் காலு ஓடும்" என்றாய். நீ போன பிறகு அது அடித்தது இதுதான் முதல் தடவை. எனக்குக் கால் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நம் விண்மீனைப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் கொடுத்துவிட்டார்கள்; வந்தது அதன் தரவுதான். வருடா வருடம் நீ விண்ணப்பம் போட, நேரம் ஒதுக்கும் குழு வருடா வருடம் திருப்பி அனுப்பிய அதே விண்மீன். கடைசியாக நீ படுக்கையில் கிடந்தபடி எழுதி அனுப்பியதற்கு அனுமதி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர்கள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் தெம்பில்லை.

நம் வேலை ராத்திரி விழித்திருக்கிற வேலை என்றுதான் உன் கணவர் வெகுநாள் நினைத்திருந்தார். நாம் பார்த்த வானத்துக்கு இரவு பகல் ஏது? வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்று தரைவரை விடுவதில்லை. விட்டிருந்தால் இங்கே புல் பூண்டுகூட முளைத்திருக்காது. அதனால் தொலைநோக்கியையே காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. அதன் கண்ணாடியில் கதிர் நேராக விழுந்தால் உள்ளே புகுந்து தொலைந்துவிடும், உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும் என்பதை அவருக்குக் காரஞ்சி ஏரிக்கரையில் கல்லெறிந்து காட்டினாய். உன் கல் தண்ணீர்மேல் துள்ளித் துள்ளிப் போனது. அவர் எறிந்தது தொபக்கென்று முங்கியது. "என்ற கல்லுதானுங்க எக்ஸ் கதிர். உங்க கல்லு வெறும் ஆட்டுக்கல்லு" என்றாய். காவலாளி வந்து மூன்று பேரையும் திட்டி அனுப்பினார்.

சாதாரண ஒளியில் நம் விண்மீன் ஒரு மங்கல் புள்ளி, பேர் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ் கதிரில் பார்த்தால்தான் அதன் சங்கதி தெரியும். பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துத் தின்கிறது; விழுகிற வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிரை வீசுகிறது. தின்பது யார் என்பதுதான் உன் கேள்வி. கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா? சீரான துடிப்பு ஒன்று கிடைத்தால் சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று அடித்துச் சொல்லிவிடலாம். "துடிக்குது புள்ள, எனக்குத் தெரியும்" என்பாய். எப்படித் தெரியும் என்று கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வேலைக்கு வந்த புதிதில், வேறொரு பழைய தொலைநோக்கியின் தரவில், ஒருமுறை கிடைத்தேவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் கதிரின் அளவு அழகாக ஏறி இறங்கியது. நீ மைசூர்பாகு வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தாய். நெய் கையில் காய்வதற்குள் உறைத்தது: அந்தத் தொலைநோக்கி பூமியை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரமும் அதுதான். சுற்றும் வழியில் கருவிக்குள் கூடிக் குறைகிற இரைச்சலை விண்மீனின் துடிப்பென்று கொண்டாடியிருக்கிறோம். "ஆய்த்து போ. நம்ம வண்டிச் சக்கரத்த நாமளே கண்டுபுடிச்சிருக்கறோம்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய். ஆனால் அன்றைக்குப் பிறகு அது உனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எடுத்தவங்க கை ஆடிருச்சுங்க" என்று டாக்டரிடமே குறை சொன்னாய். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால், உனக்காகவாவது சிரித்திருக்கலாம்.

வாரம் முழுக்கத் தரவைப் பார்த்தேன். எக்ஸ் கதிர் மழையாகக் கொட்டுவதில்லை, சொட்டுச் சொட்டாக வரும். ஒவ்வொரு சொட்டும் வந்த நேரம் பதிவாகியிருக்கும். அந்த நேரங்களில் ஒரு தாளம் இருக்கிறதா என்று தேடினேன். வரைபடத்தில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. துடிப்பு இருக்கிறது என்று எழுதிவிடலாம், முதல் பெயராக உன் பெயரைப் போடலாம், யார் வந்து சண்டை போடப் போகிறார்கள் என்றெல்லாம் மனம் போயிற்று. அப்புறம் தரவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் பாதியில் இருந்த மேடு மறு பாதியில் இல்லை. வெறும் இரைச்சல். துடிப்பு தெரியவில்லை என்பதற்காகக் கருந்துளை என்றும் சொல்லிவிட முடியாது. நீ கேட்டது கேட்டபடியே நிற்கிறது.

நேற்று உன் கணவர் கொள்ளேகாலிலிருந்து போன் செய்தார். "அவ சொன்னது இருந்துதுங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

"இல்லவே இல்லீங்களா, இந்தத் தடவை தெரியிலீங்களா?"

உன்னோடு குடித்தனம் நடத்தியவர் அல்லவா, அப்படித்தான் கேட்பார். இந்தத் தடவை தெரியவில்லை என்றேன். "அப்ப மறுக்கா எழுதிப் போடுங்க. அவ இருந்தா போட்டிருப்பா" என்று வைத்துவிட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது. ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. நம் விண்மீன் வரவர மங்கிக்கொண்டு வேறு போகிறது. திரும்ப எப்போது பிரகாசிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அது துடிக்கிறது என்று நான் நம்பியதும் இல்லை. நீ நம்பினாய், கூட வந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் இன்று மத்தியானம் விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்தேன். நீ எழுதியதில் ஒரு வரியையும் மாற்றவில்லை. முதல் பெயராக, வழக்கம்போல, உன் பெயரை அடித்தேன். குழு கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியவரின் பெயர்தான் அங்கே வர வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை அப்போது வந்தது. துடிக்கிறதா என்று இனி நான்தான் கேட்க வேண்டும்.