கூடினாலும் மருந்து

மார்ச் 4

ஒரு சொட்டு மருந்து, தொண்ணூற்றொன்பது சொட்டு ஆல்கஹால். புட்டியை மூடி, தோல் மெத்தையில் தட்டிக் குலுக்கு. அதில் ஒரு சொட்டு எடுத்து மறுபடியும். இப்படி முப்பது தடவை. பன்னிரண்டு தாண்டினால் மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூடத் தேறாது. வேதியியல் படித்தவன் செய்கிற வேலையா இது? நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அக்கா வீட்டில் சோறு, அத்தானின் ஹோமியோபதி மருந்தகத்தில் வேலை. வாயைத் திறக்க வழியில்லை. ஆனாலும் திறந்தேன். அத்தான் சிரித்தார்.

“உனக்குப் படிப்பு இருக்கு மாப்ள. பொறுமைதான் இல்ல.”

மார்ச் 9

அக்காவுக்கு இருமல், காய்ச்சல். அத்தான் சர்க்கரை உருண்டை கொடுத்தார். எனக்குப் பாடம்: இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன் மருத்துவர், நல்ல உடம்போடு சின்கோனா பட்டையைத் தின்று பார்த்தாராம். மலேரியா மாதிரியே கண்டதாம். எது நோயைக் காட்டுமோ, அதுவே துளியளவில் தீர்க்கும் – கொள்கை பிறந்தது அங்கேதானாம். ஒரே ஆள், ஒரே பட்டை!

மார்ச் 12

காய்ச்சல் ஏறிவிட்டது. மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்துகிறது என்கிறாள் அக்கா. அத்தான் சொல்கிறார்:

“மருந்து பிடிச்சிருச்சு. கூடித்தான் குறையும்.”

குறைந்தால் மருந்து. கூடினாலும் மருந்து. தோற்க வழியே வைக்கவில்லையே! அவரும் தூங்காமல் பக்கத்திலேயே கிடக்கிறார். ஏமாற்றுக்காரராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

மார்ச் 13

அத்தான் வெளியே போன நேரம் அக்காவை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். நிமோனியா. மாத்திரை. வரும் வழியில் அக்கா, “அவருகிட்ட மூச்சு விடாதடா. ஒடஞ்சு போயிடுவாரு.”

“சொல்லல. நீ ஒழுங்கா மூச்சு விடு, போதும்.”

மார்ச் 20

அக்கா நடமாடுகிறாள். அத்தானுக்குக் கால் தரையில் இல்லை. “வீட்டுக்காரியவே எழுப்பி உக்கார வெச்ச மருந்து!” கூட்டம் இரண்டு மடங்கு. குலுக்குவது நான். சொல்லித் தொலையேன்டா... அக்காவுக்குக் கொடுத்த வாக்கு?

மார்ச் 23

பக்கத்துத் தெரு தையல்காரர் மகளைத் தூக்கி வந்தார். அதே இருமல், அதே நெஞ்சு குத்தல். அத்தான் அதே புட்டியை எடுத்தார். “ரெண்டு நாள் கூடும், பயப்படாதீங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். காலி மாத்திரை அட்டையை அவர் முன் வைத்தாள்.

“என்னை எழுப்புனது இது. புள்ளைய டாக்டர்கிட்ட அனுப்புங்க.”

நான்தான் வழிகாட்டிக் கூட்டிப் போனேன்.

மார்ச் 24

மருந்தகம் திறக்கவில்லை. அவர் சாப்பிடவும் வரவில்லை.

மார்ச் 27

தையல்காரர் மகளுக்குத் தேவலையாம். இன்று திறந்தார். முதலில் வந்தவருக்கே கடும் காய்ச்சல். அத்தானின் கை புட்டி வரை போனது, நின்றது. என்னைப் பார்க்காமலே கேட்டார்:

“மாப்ள... அந்த டாக்டர் எத்தன மணி வரைக்கும் இருப்பாரு?”