கோண வகிடு

1939, ஆவணி, ஞாயிறு இரவு

ஆவடி டெண்டுக் கொட்டகையில் இன்று படம் பார்த்தோம். நடுவே படுதா. அவர் ஆண்கள் பக்கம். நான் நாத்தனாருடன் பெண்கள் பக்க மணலில். கிராமத்தானைக் காதலித்துக் கட்டிக்கொண்ட பட்டணத்துப் பெண்ணின் கதை. அவளுக்கும் என்னைப் போலவே கோண வகிடு. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டார்கள். போட்டவுடன் பெண்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா அண்ணி, உன்ன மாதிரியே சீவிகினு கீறா!" என்று சிரித்தாள் நாத்தனார்.

கடைசியில் புருஷன் அவளை அறைந்தான். அவள் நேர் வகிடு எடுத்துக்கொண்டு வந்து மாமியார் காலில் விழுந்தாள். கொட்டகையே கைதட்டியது. படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சீட்டி. சாயங்காலம் ரயிலிறங்கி வரும்போது எனக்காக அவர் அடிக்கிற அதே சீட்டி.

பட்டணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது இந்த வகிடுதான் பிடித்தது என்று சொன்னவர்.

"படம் ஷோக்கா கீதுல்ல?" என்று வழியில் கேட்டார். "ம்" என்றேன்.

இப்போது தூங்குகிறார். கண்ணாடி முன் நின்று நேர் வகிடு எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அழுகை வருகிறது.