பின்கதவுக்கு வந்த பசை

அன்பு மகன் ரிஃபாத்துக்கு,

தாக்லாவிலிருந்து அம்மா ரவ்ஹிய்யா எழுதுவது. அல்லாஹ் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். உன் மகள் நாஹித் இப்போது நன்றாக இருக்கிறாள். நடுவில் நன்றாக இல்லை. ஃபோனில் சொல்ல வந்தால் "சரிம்மா, சரிம்மா"ன்னு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஆள் ஏற்றுகிற நம் வண்டிக்கு இன்னொரு பெட்டி சிலிக்கோன் பசை அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. வந்தால் வாசலில் இறக்க விடமாட்டேன்.

முதல் பெட்டி செய்த வேலையைக் கேள். "புழுதி வருதுன்னா எங்கெங்க இடுக்கு இருக்கோ அங்கெல்லாம் அடைச்சுடு" என்று நீ குவைத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டாய். உன் தம்பி அத்தியாவுக்கு நீ சொன்னால் வேதவாக்கு. தகர இணைப்பு, கதவு விளிம்பு எல்லாவற்றிலும் பிதுக்கினான். வண்டி முழுக்க ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மாதிரி காடி நாற்றம். கதவுக்கு அடியில் உள்ள ஓட்டைகளையும் அடைத்துவிட்டான். மழை பார்க்காத ஊரில் அது தண்ணீர் இறங்குகிற வழி என்று யாருக்குத் தெரியும்? வண்டியைக் கழுவினான், கதவுக்குள் தண்ணீர் குடத்தில் போலத் தளும்பியது.

பசை காயுமுன் கதவைச் சாத்திவிட்டான். மறுநாள் நடுக்கதவு திறக்கவில்லை. சந்தைக்கு விற்க வந்த உம்மு ஷவ்கி முதலில் தன் வாத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, பிறகு தானும் அதன் வழியே இறங்கினாள். "அடேய் அத்தியா, என்னை வண்டியில ஏத்துனியா, டப்பாவுல அடைச்சியா?" என்று சந்தையே கேட்கக் கத்தினாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அஸ்யூத் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டது.

பின்கதவையும் அத்தியா பிடுங்கித்தான் திறந்திருந்தான். பசையோடு பழைய ரப்பரும் கிழிந்து வந்துவிட்டது. அதை என்னிடம் சொல்லவில்லை. வண்டிக்காரர் வீட்டார் கடைசி வரிசையில் உட்காருவதுதானே நம் வழக்கம்? நாஹித்தை நெஞ்சு வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன். வண்டி ஓட ஓட, பின்னால் குழாயில் விடுகிற புகை முழுவதும் அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்தது. பிள்ளை தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், அப்புறம் பேச்சே இல்லை. உதடு கறுத்துவிட்டது. ரோட்டோரம் மணலில் கிடத்தி விசிறினேன், நல்ல காற்றுப் பட்டபிறகுதான் கண் திறந்தாள். அத்தியா தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது என்ன?

தகர வேலை செய்யும் குப்ரியால் பார்த்துவிட்டு, "இது குளிக்கிற ரூமுக்குப் பூசுறதுய்யா! வண்டி என்ன குளிக்கவா போகுது?" என்று திட்டினார். இதன் மேல் பெயின்ட் ஒட்டாதாம், அடியில் துரு ஏறுமாம். தகர இணைப்புக்குக் காய்ந்த பின்னும் இளக்கமாக இருந்து பெயின்டைப் பிடிக்கிற பசை வேண்டுமாம். திறந்து மூடுகிற கதவுக்கு எந்தப் பசையும் ஆகாது, ரப்பர்தான். பிளேடால் சுரண்டியே அத்தியாவின் விரலெல்லாம் காயம்.

புது ரப்பர் போட்டபோது நான் விடவில்லை. அதன்மேல் ரொட்டி மாவைத் தடவிக் கதவைச் சாத்தச் சொன்னேன். மாவு தகரத்தில் ஒட்டாத இடமெல்லாம் இடுக்கு. கீழ் மூலையில் ஒட்டவே இல்லை. "அத்தை, வேலைக்கு வர்றீங்களா?" என்றார் குப்ரியால். முதலில் மூலையைச் சரிபண்ணு என்றேன். பண்ணினார்.

போன வாரம் நாஹித் அஸ்யூத் வரை என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள். நான் தூங்கவில்லை. அவள் மூக்கருகே கை வைத்துக்கொண்டே இருந்தேன்.

பசை பெட்டியில் வந்துவிடும் ரிஃபாத். தகப்பன் வரமாட்டான். லீவு கிடைக்கவில்லை என்று மறுபடியும் எழுதாதே. ஒரே ஒரு தடவை வந்து, அந்தக் கடைசி வரிசையில் உன் மகள் பக்கத்தில் அஸ்யூத் வரை உட்கார். அவள் மூச்சை நீ ஒரு வழி எண்ணு. திரும்புகிற வழியில் நான் தூங்குகிறேன்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக அழைத்து வரட்டும்.

உன் அம்மா,
ரவ்ஹிய்யா