இணுவில்காரி சுக்கான் பிடித்த கிழமை

ஓகஸ்ட் 11, திங்கள்

விடியவே சோளகக் காற்று. காங்கேசன்துறை. மகளின் பாய்ப்படகில் நான்காம் நாள். நேற்று வரை ஆட்டம் குறைவு. இன்று தேநீரை மேசையில் வைக்க முடியாது. கையில் ஏந்திக் குடிக்க வேண்டும்.

படகில் நால்வர். மகள் தாரிணி, மருமகன் ரமணன், மனைவி மலர், நான். மகளும் மருமகனும் அவுஸ்திரேலியாவிலிருந்து இதிலேயே வந்தவர்கள். படுக்கை, குசினி, கழிப்பறை எல்லாம் ஒரு லொறியின் அகலத்துக்குள். பின்பக்கம் நீர்வேலிக் கதலி வாழைக்குலை ஒன்று, தானும் பயணி மாதிரி ஆடிக்கொண்டு. கொடியில் என் சாரம் இரண்டு, மலரின் சீலை. ஒரு துவாய் பறந்து போனது.

பிற்பகல் துறைமுகத்துக்கு வெளியே சின்ன ஓட்டம். பாய் மறுபக்கம் அடித்தபோது கயிறு ரமணனின் மணிக்கட்டை இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரி. முறிவு இல்லை. மூன்று கிழமைக்குக் கயிறு தொடக்கூடாது.

சங்கடம். மாரிக்கு முன் படகு திருகோணமலைக் குடாவுக்குள் போய்விட வேண்டும். ரமணனின் லீவும் முடிகிறது. ஒரு பகல், ஓர் இரவு, பிறகு அரைப் பகல் ஓட்டம். தாரிணிக்கு இன்னுமொரு சோடிக் கை வேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலோடிகளின் ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவன். பாட்டன் பாய்க்கப்பலில் பர்மா போய் வந்தவர்.

“அப்பாக்கு உது பரம்பரையிலை ஊறினதுதானே,” என்றாள் தாரிணி.

ஓம் என்றுவிட்டேன். கடலைப் பற்றிப் பத்திரிகையில் நிறைய எழுதியவன்தான். எல்லாம் கரையில் நின்று எழுதியவை.

12, செவ்வாய்

காற்று இன்னும் கூடிவிட்டது. ஒத்திகை என்று வெளியே போனோம். நான் மூன்று தரம் சத்தி; குடித்த தேநீரெல்லாம் கடலில். மூன்றாம் தரம் சுக்கான் தடியை விட்டுவிட்டேன். தாரிணியின் இரு கையும் பாய்க்கயிற்றில். “அம்மா, ஓடி வந்து உதைப் பிடியுங்கோ! வெளிச்சவீட்டைப் பாத்துக்கொண்டு!”

மலர் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். படகு கோடு கீறியதுபோல் போனது. என் தலைக்கு மேலே ரமணனும் அவளும் பேசியது:

“மாமி, எங்கை பழகினீங்கள்?”

“உங்கடை மாமாவோடை நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவளுக்கு உந்தத் தடி என்ன, தம்பி!”

திரும்பி வரும்போது சிவராசா அண்ணையின் வள்ளம் பக்கத்தில். எங்களுக்கு மீன் தருகிற மனிதர், என்னிலும் மூத்தவர். முழுவதையும் பார்த்திருக்கிறார்.

“வல்வெட்டித்துறையான் சத்தி எடுக்கிறான், இணுவில் மனுசி சுக்கான் பிடிக்கிறா! எழுதன் தம்பி உதைப் பேப்பரிலை!”

“நான் இப்ப பென்சன், அண்ணை.”

“அது கடலுக்கும் தெரிஞ்சு போச்சு.”

பொழுதுபட ஒரு நினைவு. கலியாணம் முடிந்து மலரை ஊருக்குக் கூட்டி வந்த கிழமை. வாடைக்காற்றுக் காலம். கடலில்லாத இணுவிலில் புகையிலைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள். கடல் இரையும் சத்தத்துக்கு நித்திரை வராமல், “உது எப்ப நிக்கும்?” என்று கேட்டாள். நிற்காது என்றேன். அழுதுவிட்டாள். இப்போது, இந்த ஆட்டத்தில், நன்றாக உறங்குகிறாள்.

13, புதன்

தானே திருகோணமலை வரை போவதாக மலர் சொல்லிவிட்டாள், வெங்காயம் உரித்துக்கொண்டு, சந்தைக்குப் போவதைச் சொல்வதுபோல.

என் ஆட்சேபங்கள்: பிரசர். முழங்கால். வயது. நீந்தத் தெரியாது.

“உங்களுக்கு நீந்தத் தெரியும். என்னத்தைக் கண்டீங்கள்?”

ரமணன் சிரிப்பை அடக்க மேலே போனான். தாரிணி மட்டும், “அப்பா, உங்களுக்குத்தான் பயம்,” என்றாள்.

சண்டைக் காலத்தில் செய்திக்கென்று சைக்கிளில் போவேன். சாவகச்சேரி, அதற்கும் அப்பால். ஷெல் விழும். எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. போன் இல்லை. திரும்பும்போது மலர் வாசல் படலையடியில் நிற்பாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டவன். இவளிடம் இன்றுதான் கேட்டேன்.

“அப்ப படலையடியிலை நிண்டு என்ன யோசிப்பாய்?”

“ஒண்டுமில்லை. புட்டு ஆறுதெண்டு யோசிப்பன்.”

வெங்காயச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நாட்களின் வாசனை இன்று முழுக்க மூக்கில். மண்ணெண்ணெய், ஈரச் சைக்கிள் சீற், புட்டு. மோசமான காலம்தான். ஆனாலும் அதிலிருந்து ஒரு பின்னேரம் திரும்பக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

14, வியாழன்

காற்று அப்படியே. நாளை விடியத் தணியும் என்கிறார் சிவராசா அண்ணை.

சுன்னாகம் சந்தை. வாங்கியவை: பிரசர்க் குளிசை, இஞ்சி, தேசிக்காய், மலருக்கு ரப்பர்ச் சப்பாத்து. துறைமுகத்தில் அவள் பெயரைப் பதிந்தாயிற்று. தொழில் என்ன என்று கேட்டார்கள். “படகு ஓட்டுறது எண்டு எழுதுங்கோ,” என்றாள். எழுதினார்கள்.

பின்னேரம் துறைமுக அலைதடுப்பு அணையில் இருவரும். உப்பு முகத்தில் அடித்தது.

“நீங்கள் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை,” என்றாள்.

“சொல்லாட்டிப் போகாமல் நிப்பியோ?”

“நிப்பன்.”

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. நிற்பாள். நான் புறப்பட்ட எந்த நாளிலும், நில்லுங்கோ என்று அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் நின்றிருப்பேனோ தெரியாது.

“ஓம். போட்டு வா,” என்றேன்.

“குரல் ஏன் உப்பிடிப் போகுது?”

“காத்து.”

15, வெள்ளி

காற்று இறங்கிவிட்டது. வானம் சாம்பல். மலர் முழுகி, விபூதி பூசி, தாரிணியின் காற்சட்டைக்கு மேலே என் பழைய சேட் போட்டுக்கொண்டு வந்தாள். ரமணன் ஒற்றைக் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். கயிற்றை அவிழ்த்து எறிந்தது நான். அந்த வேலையாவது கிடைத்தது.

வாய் வரை வந்த புத்திமதிகளில் “கவனம்” ஒன்றுதான் வெளியே வந்தது.

“போட்டு வாறன்.”

பாய் ஏறியது. ஒரு தரம் படபடத்து, பிறகு நிறைந்தது. கை காட்டினேன். கரையில் என்னோடு நின்ற ரமணனும் காட்டினான். மலர் திரும்பிப் பார்க்கவில்லை. கை தடியில், கண் பாயில். வெளிச்சவீடு தாண்டும் வரை அப்படியே.

சிவராசா அண்ணை எப்போது பக்கத்தில் வந்தாரோ.

“இனி என்ன செய்யப் போறாய், தம்பி?”

“யாழ்ப்பாணம் போய் திருகோணமலை பஸ் எடுக்கப் போறன்.”

“உனக்கென்ன விசரே? அவை நாளைக்கு மத்தியானம்தான் வருவினம். பஸ் இண்டைக்கே போய்ச் சேர்ந்திடும்.”

“ஓம் அண்ணை. நான் முந்திப் போய் நிக்க வேணும்.”